இடது கையால் அடித்த வண்ணம்

மூன்று மணிக்குக் கை தட்ட வேண்டும். எதற்கு என்று கேட்கக் கூடாது. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, எங்கள் இருபத்திரண்டு பேரையும் உட்காரவைத்து, "எல்லாரும் தட்டுங்க மாஷிமா, ஒன், டூ, த்ரீ" என்பாள் வகுப்பு நடத்த வருகிற பெண். தட்டி முடித்ததும் பலூன் வரும். பலூனைப் பக்கத்து ஆளுக்குத் தட்டிவிட வேண்டும். வாழ்நாளெல்லாம் காலேஜில் கணக்குப் பாடம் நடத்திய மனுஷர் ஒருவர், சிவப்பு பலூனை மடியில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் முழிப்பார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

எங்கள் முதியோர் இல்லம் டாக்குரியா ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம், ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும் தூரத்தில் இருக்கிறது. நான் வந்து நான்கு வருஷம் ஆகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த வங்காளி ஊருக்கு வந்தவள் நான். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. நானும் துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் முப்பது வருஷம் ஃபைல் தள்ளினேன். அவர் போன பிறகு, வெளிநாட்டில் இருக்கும் மகள் தினமும் போனில் அழுதாள். அவள் அழுகையை நிறுத்துவதற்காகவே இங்கே சேர்ந்தேன் என்று சொல்லலாம். இங்கே சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். வேளைக்கு மருந்து வருகிறது, துணி துவைத்து வருகிறது. இந்த மூன்று மணியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்கு 'கிரியேட்டிவ் அவர்' என்று பெயர். நடத்துகிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நாங்கள் எல்லோரும் அவளை தீதி என்றே கூப்பிடுவோம், அவளுக்கு நாங்கள் மாஷிமா, அதாவது பெரியம்மா. கெட்ட பெண் இல்லை, பாவம். பலூன் முடிந்ததும் ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுப்பாள். அதில் ரோஜா, மயில், படகு என்று ஏதாவது ஒன்றின் வெறும் கோடு இருக்கும். இயந்திரத்தில் மை தீர்ந்து எத்தனை மாதமோ, கோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மூலையில் எங்கள் பெயரைப் பென்சிலில் எழுதியிருப்பாள். கிரேயான் டப்பாவை நடுவில் வைத்துவிட்டு நாற்பது நிமிஷம் கொடுப்பாள். பிறகு ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்து, குடும்பத்தார் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போடுவாள். தாளை அவரவர் பெயர் போட்ட ஃபைலில் செருகிவிடுவாள். எதைப் பார்த்தாலும் "கூப் ஷுந்தோர்!" என்பாள். ரொம்ப அழகு என்று அர்த்தம். நாலு கோடு கிறுக்கினாலும் கூப் ஷுந்தோர், தாளில் டீயைக் கொட்டினாலும் கூப் ஷுந்தோர்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. மயில் படம் கொடுத்திருந்தாள். வேண்டுமென்றே மயிலுக்கு முழுக்கக் கறுப்பு அடித்தேன். தோகையை விட்டுவிட்டேன். கொண்டைக்கு மேலே மூன்று பூஜ்யம் போட்டு, கீழே தமிழில் 'இது மயில் இல்லை, தண்டம்' என்று எழுதினேன். தீதி வந்தாள், தூக்கினாள், போட்டோ எடுத்தாள். "கூப் ஷுந்தோர், மாஷிமா!" கன்னத்தை வேறு தட்டிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் மகள் போன் செய்து, "அம்மா, காக்கா சூப்பரா இருக்கு" என்றாள். கருமம். இதற்கு மேல் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

அன்று ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரிந்தது. யாரும் எதையும் பார்ப்பதில்லை. அது தெரிந்ததால்தான் நான் செய்ததைச் செய்தேன். அதைச் சொல்வதற்கு முன் என் ரூமில் இருந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். திருநெல்வேலிப் பக்கம். அவள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கிடர்பூர் குவார்ட்டர்ஸிலேயே நாற்பது வருஷம் இருந்தவள் என்றாலும், இல்லத்துக்கு வந்த பிறகுதான் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். இந்த இல்லத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். முதல் நாளே, "ஏளா, நீ ராத்திரி கொறட்ட விடுவியா? விட்டா இப்பவே சொல்லிரு" என்றாள். விடுவேன் என்றேன். "அப்ப சரி, நானும் விடுவேன்" என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டோம்.

எங்கள் ரூம் கீழ்த்தளத்தில். கதவைத் திறந்தால் முற்றம், நாலு எட்டு வைத்தால் கேட், கேட்டுக்கு வெளியே மண் குவளையில் டீ விற்கிற கடை. காலையில் இருவரும் போய் நின்று குடித்துவிட்டு வருவோம். அக்கா டீக்கடைக்காரனோடு சந்தை வங்காளியில் சண்டை பிடிப்பாள், இஞ்சி போடவில்லை என்று. ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு கரியாஹாட் கடைத்தெரு வரைக்கும் கூடப் போய் வரலாம். ரூமில் கெட்டில் வைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் கீழ்த்தளத்துக்காரர்களுக்கு மட்டும். இரண்டாம் மாடி வேறு. அங்கே ஒரே ஹாலில் வரிசையாகக் கட்டில். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆயாக்கள் எல்லோரையும் எழுப்பி வரிசையாகத் துடைத்துவிடுவார்கள். லிப்ட் இருக்கிறது, ஆனால் டாக்டருக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் மட்டும் ஓடும். நான் வந்த நாளாக மாடிக்குப் போன எவரும் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை.

யார் கீழே, யார் மேலே என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிவ்யூ நடக்கும். மேனேஜரம்மாவும் வெளியிலிருந்து வரும் டாக்டரும் உட்கார்ந்து ஃபைலைப் புரட்டுவார்கள். தானாக நடக்க வேண்டும், தானாகச் சாப்பிட வேண்டும், கண் தெரிய வேண்டும், குரூப் ஆக்டிவிட்டியில் கலந்துகொள்ள வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மாடிதான். அதனால்தான் கணக்கு வாத்தியார் வாயைத் திறக்காமல் பலூனை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அதனால்தான் நானும் திட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தேன்.

போன வருஷம் மழை ஆரம்பித்த சமயம், அக்கா தாளை முன்னால் வைத்துக்கொண்டு கிரேயானைத் தொடாமல் இருந்தாள். "என்னக்கா, இன்னிக்கு மூட் இல்லயா?" என்று கிசுகிசுத்தேன்.

"ஏட்டி, இதுல என்ன படம் போட்டிருக்கு?"

"படகு."

"எங்கன?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. ரூமுக்கு வந்து கதவைச் சாத்தியதும் சொன்னாள். இடது கண்ணில் ரொம்ப நாளாகவே புகை. வலது கண்ணில் நடுவில் மட்டும் தெரிகிறது, ஓரமெல்லாம் மங்கல். வெளிறிய கோடு கண்ணுக்கே சிக்கவில்லை. நிலைப்படியில் அவள் தோளை இடித்துக்கொள்வதை நானும் பார்த்திருக்கிறேன். வயசு என்று நினைத்து விட்டிருக்கிறேன்.

"டாக்டர்கிட்ட சொல்லலாம்க்கா."

"சொன்னா மாடிக்கு ஏத்திருவாவ. நீ யாருட்டயும் சொல்லப்படாது. எம் மவன்ட்டயும் சொல்லப்படாது. சத்தியம் பண்ணு."

கையை நீட்டினாள். நான் அடித்துக் கொடுத்தேன். அப்போது எனக்கு இது பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. எங்கள் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரியின் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், அவள் எழுத வேண்டிய பில்களையும் நானே எழுதி அவள் இனிஷியலைப் போட்டுவைப்பேன். நான் வராத நாளில் அவள் எனக்குச் செய்வாள். ஃபைல் சரியாக இருந்தால் ஆளும் சரியாக இருக்கிறாள் என்று கணக்கு. முப்பது வருஷம் அப்படியே ஓட்டியவளுக்கு, அக்காவின் ரோஜாவுக்கு வண்ணம் அடிப்பது ஒரு வேலையா?

அடுத்த வகுப்பிலிருந்து ஆரம்பித்தேன். அக்காவை எனக்கு இடது பக்கம் உட்காரவைத்துக்கொண்டேன். என் தாளை வலது கையால் கடகடவென்று முடித்துவிட்டு, அவள் தாளை மெல்ல என் பக்கம் இழுத்து இடது கையால் அடிப்பேன். ஒரே கை என்று தெரிந்துவிடக் கூடாது அல்லவா? அக்கா ஒரு கிரேயானைப் பிடித்துக்கொண்டு காற்றில் ஆட்டிக்கொண்டிருப்பாள். இடது கைக்குப் பழக்கம் இல்லாததால் நிதானமாக, பல்லைக் கடித்துக்கொண்டு அடிப்பேன். கோட்டுக்கு வெளியே ஒரு பொட்டு போகாது. தீதி வருவாள், தூக்குவாள், கூப் ஷுந்தோர். ஒரு தரம்கூட அக்காவின் முகத்தைப் பார்த்ததில்லை.

செப்டம்பர் ரிவ்யூவில் அக்காவுக்கு மொழிபெயர்க்க என்று நானும் கூடப் போனேன். டாக்டர் அவள் ஃபைலைத் திறந்து நாலு தாளைப் புரட்டினார். "வெரி நைஸ். விஷன் அடிக்வேட்" என்று எழுதினார், பார்வை போதுமாம். தலை நிமிரவில்லை. டார்ச் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. வெளியே வந்ததும் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்து, "தப்பிச்சேம்ட்டி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நவராத்திரி சமயத்துப் பூஜைக்கு முன்னால் கண்காட்சி வைத்தார்கள். கூடத்துச் சுவர் முழுக்கக் கயிறு கட்டி எங்கள் தாள்களைத் துணி கிளிப்பில் தொங்கவிட்டார்கள். முதல் பரிசு யாருக்கு? அக்காவுக்கு! என் இடது கைக்கு முதல் பரிசு, என் வலது கைக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. ஒரு பிளாஸ்டிக் ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். அக்கா மேடையில் அதை வாங்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். "நீயே வச்சுக்க. ஒம் மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு" என்றாள். முகம் அவளுக்குச் சரியாகத் தெரியாது என்று எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் ரூமுக்கு வந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆனால் அதே மாதம் நடந்த ஒன்றை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. ஒரு நாள் மழையில் ரயில் நின்றுபோய் தீதி வரவில்லை. நாற்காலிகள் வட்டமாகப் போட்டது போட்டபடி இருந்தன. தாள் இல்லை, கிரேயான் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தோம். கணக்கு வாத்தியார் யாரிடமோ, இலிஷ் மீனுக்குக் கடுகு அரைக்கும்போது பச்சை மிளகாய் சேர்க்கலாமா கூடாதா என்று கேட்டார். அவ்வளவுதான், ரணகளம். அந்தச் சண்டைக்கு நடுவில் அக்கா எழுந்து நின்றாள். கல்யாணமாகி வந்த புதிதில், மீனே தெரியாத சைவ வீட்டுப் பெண்ணான தான், குவார்ட்டர்ஸில் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த இலிஷைக் கத்தரிக்காய் மாதிரி நறுக்கிப் புளிக்குழம்பில் போட்ட கதையைச் சொன்னாள். உடைந்த வங்காளிதான். ஆனால் அந்த பௌதி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியதை நடித்துக் காட்டினாள் பாருங்கள், மீதி இருபத்தோரு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். வருஷக்கணக்காக வாயே திறக்காத ஒரு பாட்டியம்மா, "அப்புறம்? அப்புறம்?" என்றாள். ஆளாளுக்கு ஒரு கதை வந்தது. ஐந்து மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் தீதியிடம் சொன்னேன். "இதையே செய்யலாமே, தீதி. வாரம் ஒரு நாள் தாள் வேண்டாம். அவங்க பேசட்டும், நடிக்கட்டும். இந்த அக்காவுக்குக் கண்ணே வேண்டாம் இதுக்கு" என்று சொல்ல வந்தவள் கடைசி வாக்கியத்தை முழுங்கிவிட்டேன். அவள் ஆசையாகத்தான் கேட்டாள். பிறகு, "ஃபைலில் என்ன வைக்கறது, மாஷிமா?" என்றாள். கதையை ஃபைலில் செருக முடியாது. சிரிப்பைப் போட்டோ எடுத்தால் யாருடைய வேலை என்று மூலையில் பெயர் எழுத முடியாது. வேலைக்காகாது என்று விட்டுவிட்டார்கள். அக்காவால் நிஜமாகச் செய்ய முடிந்த ஒரே காரியத்துக்கு அங்கே இடம் இல்லை. அவள் செய்யவே செய்யாத காரியத்துக்கு முதல் பரிசு. எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல் எனக்கு.

டிசம்பரில் ஒரு காலை, டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது இடது பக்கத்திலிருந்து மூன்று சக்கர சைக்கிள் வேன் ஒன்று வந்தது. கம்பி ஏற்றிய வேன். ஓட்டுகிறவன் கத்துகிறான், மணி அடிக்கிறான், அக்கா நேராக அதன் மேலே நடக்கிறாள். புடவையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் சாக்கடை ஓரத்தில் விழுந்தோம். கம்பி அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அவளுக்கு அது தெரியக்கூட இல்லை. "எதுக்குட்டி தள்ளுத?" என்று என்னைத் திட்டினாள்.

அன்று மத்தியானமே சத்தியத்தை மீறி, பெங்களூரில் இருக்கும் அவள் மகனுக்குப் போன் போட்டேன். நல்ல பையன்தான், அம்மா மேல் உயிர். "தம்பி, அம்மாவ ஒரு கண் டாக்டர்கிட்ட காட்டணும். பார்வை சரியில்ல போல இருக்கு."

அவன் சிரித்தான். "என்ன ஆன்ட்டி, நேத்துகூட குரூப்ல படம் பாத்தேனே. என்ன நீட்டா கலர் பண்ணிருக்காங்க! கோட்டுக்கு வெளிய ஒரு பொட்டு இல்ல. என் பொண்ணுகூட அப்படிப் பண்ண மாட்டா. அதுல ஒண்ண பிரேம் போட்டு ஹால்ல மாட்டிருக்கேன்."



"இருந்தாலும் தம்பி, வயசாகுது இல்லயா…"

"அடுத்த லீவுக்கு வரும்போது கண்டிப்பா காட்டறேன் ஆன்ட்டி. நீங்க பயப்படாதீங்க."

போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தை அடித்தவள் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் மேனேஜரம்மாவுக்குப் போன் போடுவான், மறுநாளே அக்கா மாடியில் இருப்பாள். சொல்லாவிட்டால் கண் போகும். எப்படிப் போனாலும் மாட்டிக்கொண்டேன், மாட்டிவிட்டதும் நானே. தீதி மேல் கோபம், டாக்டர் மேல் கோபம், இந்தப் பாழாய்ப்போன ரூல் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே, நீட்டாக அடித்த என் இடது கை மேல் கோபம்.

டிசம்பரில் நடக்க வேண்டிய ரிவ்யூ தள்ளிப்போய் ஜனவரியில் வந்தது. குளிரில் அக்கா மங்கி கேப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தபடி மேனேஜரம்மா ரூமுக்கு வந்தாள். அதே டாக்டர். ஃபைலைத் திறந்தார். மேலே இருந்தது வாத்து. மஞ்சள் வாத்து, நீலக் குளம், கரையில் புல், ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக. "ஆஹா, இன்னும் இம்ப்ரூவ் ஆயிருக்காங்க" என்று பேனாவை எடுத்தார். விஷன் என்ற கட்டத்துக்கு நேராகப் பேனா போயிற்று.

"எழுதாதீங்க" என்றேன். வங்காளியில் சொன்னேன், அக்காவுக்கும் புரியும்படியாகத்தான். "அது அவங்க அடிச்சது இல்ல. நான் அடிச்சது. மழைக்காலத்திலேருந்து எல்லாத் தாளும் நான்தான் அடிச்சேன். அவங்களுக்குக் கண் தெரியல."

அக்கா என் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள். "ஏளா, வேண்டாம்" என்றாள் தமிழில். "வேண்டாம்ட்டி, பேசாத."

நான் பேசினேன். வேனைப் பற்றியும் சொன்னேன். டாக்டர் அப்போதுதான் டார்ச்சை எடுத்தார். விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார். அக்கா வீம்புக்கு "மூணு" என்றாள். அவர் இடது பக்கம் நீட்டியிருந்தது ஒன்று. மேனேஜரம்மா தீதியைக் கூப்பிட்டு என் முன்னாலேயே கிழிகிழியென்று கிழித்துவிட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே என்னைப் பார்த்து, "நாற்பது நிமிஷத்துல இருபத்திரண்டு போட்டோ எடுக்கணும், மாஷிமா. நான் எப்ப முகத்தப் பாக்கறது?" என்றாள். அவளிடம் அதுவரை எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. 

மகன் மறுநாளே பிளைட் பிடித்து வந்தான். கண் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பு கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். இடது கண் முடிந்துவிட்டது, திரும்பாது. வலது கண்ணில் மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் இரண்டு கண்ணிலும் இன்னும் நிறைய மிஞ்சியிருக்கும் என்று அந்த டாக்டரம்மா சாதாரணமாகச் சொன்னாள். ஆறு மாதம் என்றால் அந்தப் படகுத் தாள். நான் விரல் விட்டு எண்ணவே தேவையில்லை.

மகன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காரில் ஏறும்போது, "போன் பண்ணினப்பவாவது சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி" என்றான். அவ்வளவுதான்.

அந்த வாரமே அக்காவை மாடிக்கு மாற்றினார்கள். ஸ்ட்ரெச்சர் வேண்டாம் என்று சண்டை போட்டு, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே ஏறினாள். என்னைக் கூட வர விடவில்லை. பெட்டியை ஆயா தூக்கிக்கொண்டு போனாள்.

கீழ்த்தளத்துக்காரர்கள் மாடிக்குப் போக நாலு மணிக்கு மேல்தான் அனுமதி. முதல் இரண்டு நாள் தூங்குகிறாள் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் போனேன். ஹாலின் கடைசிக் கட்டிலில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றதும் என் புடவைச் சத்தத்திலேயே கண்டுகொண்டாள்.

"வந்துட்டியா?"

மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். "அக்கா, நான் அன்னிக்கே சொல்லியிருந்தா உங்க கண்ணு இருந்திருக்கும். நான் பாவி. படிச்சவ, ஆபீஸ் பாத்தவ, எனக்குப் புத்தி எங்க போச்சுன்னு தெரியல. என்ன மன்னிச்சிடுங்க." அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் அவ்வளவு கோபத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"கண்ணுக்கு நீ என்னத்தட்டி செய்வ? கண்ணு எனக்குப் போறது எனக்குத் தெரியாதா? அது தெரிஞ்சுதான ஒங்கிட்ட கையடிச்சு வாங்கினேன்? அந்த ஆளு எழுதப் போனாம்லா, எழுதட்டும்னு வாய மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதான? இன்னும் மூணு மாசம் நம்ம ரூம்ல கெடந்திருப்பேன். மூணு மாசம்! ஒனக்கு அது லேசாத் தெரியுதோ?"

"வேன் அடிச்சிருந்தா…"

"அடிச்சா அடிச்சிட்டுப் போவுது! டீக்கட வாசல்ல போயிருப்பேன். இங்கன வந்து கெடக்க மாட்டேம்லா."

 கண் போனதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் படியேறினேன். அவள் அதைக் கணக்கிலேயே வைக்கவில்லை. பேச வேண்டிய நாளில் பேசாமல் அவள் கண்ணை விட்டேன். அவள் பேசாதே என்று கெஞ்சிய நாளில் பேசி அவள் ரூமைப் பறித்தேன். இரண்டையும் செய்தவள் நான்தான். கீழே பலூனும் கைதட்டலுமாக எல்லாம் தினமும் அப்படியே நடந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கு ஒன் டூ த்ரீ என்ற குரல் அங்கே அவளுக்கும் கேட்டிருக்கும்.

போய்விடலாம் என்று திரும்பினேன். "நில்லு" என்றாள். கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து, கையை நீட்டினாள். பிடித்தேன். "பாத்ரூமுக்குப் போவணும். இங்கன கதவுக்குத் தாப்பா கெடையாது. நாம விழுந்துகிழுந்து வச்சா தொறக்கணும்னு கழத்திப் போட்டுட்டாவளாம். ஆரு வேணும்னாலும் உள்ள வந்து நிக்கா. மூணு நாளா ஒழுங்காப் போவல நான்."

கூட்டிக்கொண்டு போய் உள்ளே விட்டேன். கதவை இழுத்துச் சாத்தி, முதுகை அதில் சாய்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ஆயா வாளியோடு வந்து, தள்ளு என்றாள். முடியாது என்றேன். அவள் முறைத்தாள், ஏதோ முணுமுணுத்தாள். "ஆள் இருக்கு, முடிஞ்ச பிறகு வா!" என்று ஹாலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவள் வாளியை டமாரென்று வைத்துவிட்டுப் போனாள்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"இருக்கியாளா?" என்றாள் அக்கா உள்ளிருந்து.

"இருக்கேன்க்கா" என்றேன்.